மாதவி சேச்சியின் ரத்தப் புத்தகம்

என் தம்பிக்கு, ரங்கூன் தின்கன்ஜூன் வீட்டிலிருந்து அம்மா எழுதுவது. உனக்குத் தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும் என்று தெரியும். பர்மியில் எழுதியிருந்தால் கால் மணி நேரத்தில் படித்துவிட்டு மடித்து வைத்துவிடுவாய். இதை நீ மெதுவாகப் படிக்க வேண்டும், அதனால்தான் தமிழ். என்னைத் திட்டிக்கொண்டே படி, பரவாயில்லை. போன வாரம் பெட்டி கட்டும்போது என் புடவைகளுக்கு அடியிலிருந்து ஒரு புத்தகத்தை உருவி எடுத்து, "இது மாதவி அத்தை எழுதுன புஸ்தகம்தானே, இத ஏம்மா ஒளிச்சு வெச்சிருக்கீங்க?" என்று கேட்டாய். எலி கடித்துவிடும் என்றேன். அது பொய். நம் வீட்டில் எலி கடிக்காத இடம் அந்த அலமாரியா என்று நீயும் சிரித்துவிட்டுப் போய்விட்டாய். உண்மை என்னவென்றால், அந்தப் புத்தகத்தை மாதவி சேச்சி இரண்டு முறை எழுதினாள். முதல் முறை எழுதியதை, ஏழு வருட உழைப்பை, ஒரே வார்த்தையில் நெருப்புக்கு அனுப்பியவள் உன் அம்மா. நீ மூன்று நாளில் மிங்கலாடோனில் விமானம் ஏறி, சிங்கப்பூரில் ஒரு ஆஸ்பத்திரியின் பரிசோதனைக் கூடத்தில் உட்கார்ந்து, யார் யாருடைய ரத்தத்துக்கோ கையெழுத்துப் போடப் போகிறாய். அதற்கு முன் இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

எண்பத்தெட்டில் மாணவர் போராட்டத்தில் ஊரே மூடிக் கிடந்து, மறுபடி அலுவலகங்கள் திறந்தபோது எனக்கு முப்பத்து மூன்று வயது, உனக்கு ஆறு. உன் அப்பா மரக்கூப்பு வேலைக்கு மேலே போய்க் காய்ச்சலோடு திரும்பி, பதினோராம் நாள் போய்ச் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. நான் வெளிநாட்டுக்குப் போகும் உறைகளைப் பிரித்துப் பார்க்கும் ஓர் அறையில் குமாஸ்தா. அந்த அலுவலகத்தின் பெயர் வேண்டாம். ஒருநாள் எங்கள் அதிகாரி தடியான ஓர் உறையை என் மேஜையில் போட்டார். உள்ளே பத்துப் பக்கம், முழுக்கச் சுழியும் வளையமுமான எழுத்து. "உங்க ஊர் எழுத்துதானே இது? படிக்கத் தெரியுமா?" என்று கேட்டார். அவருக்கு இந்தியர்கள் எல்லாரும் ஒரே ஊர். அது மலையாளம் என்று எனக்குத் தெரிந்தது, அவ்வளவுதான் தெரிந்தது. ஆனால் அந்த மாதம் ஆட்குறைப்புப் பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. "ஹௌக்கே" என்று பர்மியில் ஆமாம் போட்டுவிட்டேன். சரி, இனி இந்த எழுத்தில் வருவது எல்லாம் உன் பொறுப்பு, என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு பக்கத்துக்கு பர்மியில் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டுக் கொடு என்றார்.

அன்று சாயங்காலம் அந்தப் பத்துப் பக்கத்தையும் சோற்றுக் கேரியரின் அடித்தட்டில் மடித்து வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். பிடிபட்டிருந்தால் வேலை மட்டுமா போயிருக்கும்? உறையின் பின்பக்கத்தில் அனுப்பியவர் முகவரி இருந்தது, பபேடானில் ஒரு சந்து. எழுதியவரிடமே போய், நீங்கள் என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று கேட்டுவிடுவது என்று முடிவு கட்டினேன். இந்த உலகத்தில் இப்படி ஒரு தணிக்கைக்காரி இருந்திருக்க மாட்டாள். மசூதிக்குப் பக்கத்துச் சந்தில், பலகாரக் கடைக்கு மாடியில், ரத்தம் பார்க்கும் சின்ன அறை. உள்ளே வெள்ளைக் கோட்டுக்குக் கீழே தமெய்ன் என்ற பர்மியக் கைலி கட்டிக்கொண்டு, நுண்ணோக்கியில் கண்ணை வைத்தபடி ஒரு பெண். என்னைவிட ஏழு வயது மூத்தவள். தலையைத் தூக்காமலே, "ரத்தமா, சிறுநீரா?" என்று கேட்டாள். "கட்டுரை" என்றேன்.

நான் விஷயத்தைச் சொல்லி முடித்ததும் அவள் பயப்படுவாள் என்று நினைத்தேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "எடீ, படிக்கத் தெரியாமலே படிக்கத் தெரியும்னு சொன்னியா? கோழிக்கோட்டுல பத்திரிகை வாங்கறவங்க பாதிப்பேரு அப்படித்தான்" என்றாள். பிறகு பக்கங்களை வாங்கி முகர்ந்து பார்த்து, மீன் வாடை வருகிறது என்று இன்னொரு முறை சிரித்தாள். அவள் அப்பா பாலக்காட்டிலிருந்து ரயில்வே வேலைக்கு ரங்கூன் வந்தவர். அவள் இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, கேரளத்தை இரண்டே முறை பார்த்தவள். ஆனால் மாதாமாதம் கோழிக்கோட்டில் ஒரு பத்திரிகைக்கு மலையாளத்தில் அறிவியல் கட்டுரை எழுதி அனுப்பினாள். அங்கே அவளை யாரோ ஆண் பேராசிரியர் என்று நினைத்து 'ஸார்' போட்டுக் கடிதம் எழுதினார்கள். அவளும் திருத்தவில்லை. "கட்டுரையில தப்பு இருந்தா திருத்தணும். இது என் தப்பில்லையே" என்பாள்.

அந்தக் கட்டுரை கொசுவைப் பற்றியது. விரலை வைத்து வரி வரியாக வாசித்து, பாதித் தமிழும் பாதி பர்மியுமாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். நடுவில், "சொன்னா புரியாது, பாரு" என்று என் விரலில் குத்தி ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடியில் தேய்த்து, சாயம் ஊற்றிக் காய வைத்துக் காட்டினாள். தம்பி, நீ இதைத் தினமும் பார்க்கிறவன், உனக்கு என் ஆச்சரியம் கேலியாக இருக்கலாம். நான் முப்பத்து மூன்று வருடம் தூக்கிக்கொண்டு திரிந்ததை அன்றுதான் முதல் தடவை பார்த்தேன். வட்டம் வட்டமாக, எண்ண முடியாமல், ஒன்றோடு ஒன்று முட்டிக்கொண்டு. "இது ஒவ்வொண்ணும் நாலு மாசம்தான் இருக்கும். அப்புறம் எலும்புக்குள்ளேர்ந்து புதுசு வரும். நீ சோறு வடிக்கறப்ப, பஸ்ல தூங்கறப்ப, வந்துகிட்டே இருக்கும்" என்றாள். பிறகு அன்று காலை வந்த ஒரு நோயாளியின் கண்ணாடியை மாற்றி வைத்தாள். சில வட்டங்களுக்குள் ஒரு நீல மோதிரம், சிவப்புக் கல் ஒன்று பதித்த மாதிரி. அத்தனை அழகு. இது என்ன என்றேன். மலேரியா என்றாள். நான் கண்ணை எடுக்கவே இல்லை. உன் அப்பாவை, ஒரு மூட்டை அரிசியை ஒற்றைத் தோளில் தூக்கிய மனிதரைக் கொண்டுபோனது இத்தனூண்டு மோதிரமா? அவர் செத்ததற்கு விதி, கண்ணேறு, கூப்பில் இருந்த காட்டுப் பேய் என்று ஆளுக்கு ஒன்று சொல்லியிருந்தார்கள். அதன் முகத்தை எனக்குக் காட்டியவள் இவள் ஒருத்திதான். நான் அழுதபோது அவள் சமாதானம் சொல்லவில்லை. கண்ணாடி நனைந்துவிடும் என்று மெல்ல நகர்த்தி வைத்தாள்.

மறுநாள் நான் எழுதிக் கொடுத்த ஒரு பக்கத்தை எங்கள் அதிகாரி இரண்டு முறை படித்தார். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "குடிகாரனைக் கொசு கடித்தால் கொசுவுக்குப் போதை ஏறுமா?" என்று கேட்டார். சாயங்காலம் அதைச் சேச்சியிடம் சொன்னேன். துள்ளிக் குதித்துவிட்டாள். அடுத்த கட்டுரையே, 'என் நண்பர் ஒருவர் கேட்கிறார்' என்று அதில்தான் தொடங்கியது. அதற்குப் பிறகு அதுவே அவளுடைய வேலை முறையாகிவிட்டது. எழுதுவதற்கு முன் எனக்குச் சொல்வாள். நான் அலுவலகத்தில் ஒரு பக்கம் எழுதுவேன். அதிகாரி புருவத்தைச் சுருக்கினால் அந்த இடம் சரியில்லை என்று அர்த்தம், சேச்சி அடுத்ததில் வேறு விதமாக விளக்குவாள். அவர் கேள்வி கேட்டால் எங்களுக்குத் தீபாவளி. கோழிக்கோட்டு வாசகர்கள், இவ்வளவு நல்ல கேள்வி கேட்கும் உங்கள் நண்பர் யார் என்று கடிதம் எழுதினார்கள். அந்த மனிதர் ஏழு வருடம் மலையாள நாட்டில் புகழோடு இருந்தார், அவருக்கே தெரியாது. ஓய்வு பெற்ற அன்று என் மேஜைக்கு வந்து, "அந்த ரத்த ஸயாமா, அந்த டீச்சரம்மா, சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். எவ்வளவு தெரிந்து வைத்திருந்தாரோ, கடைசி வரை கேட்கவில்லை. அந்த ஏழு வருடத்தில் நானும் அந்தச் சுழிகளையும் வளையங்களையும் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டேன். முதலில் பொய்யாகச் சொன்னது மெல்ல மெல்ல நிஜமாகிவிட்டது.

அதே வருடங்களில் அவள் கட்டுரைகளுக்கு நடுவே ரத்தத்தைப் பற்றி ஒரு முழுப் புத்தகம் எழுதிக்கொண்டிருந்தாள். பழைய பரிசோதனைச் சீட்டுகளின் பின்பக்கத்தில், பொடி எழுத்தில், பதினோரு அத்தியாயம். படி எடுத்து வைக்கச் சொன்னேன். "ஏழு வருஷமா உன் மேஜையைத் தாண்டிப் போனது ஒண்ணாவது தொலைஞ்சிருக்கா?" என்றாள். கப்பல் தபாலில் கட்டி அனுப்பினாள். அது என் மேஜைக்கு வந்தபோது, மேஜைக்கு முன்னால் புது அதிகாரி நின்றார்.

அவர் நடுப்பக்கங்களைப் புரட்டினார். ஓர் உயிரணு இரண்டாகப் பிரியும் படம், வட்டமும் அம்புக்குறியுமாக. இது என்ன வரைபடம் என்று கேட்டார். உடம்புக்குள் நடப்பது என்றேன். "முந்நூறு பக்கத்தையும் நீ படித்திருக்கிறாயா? இதில் ஒரு வரி தப்பாக இருந்தாலும் உள்ளே போவது நீயும் நானும். யோசித்துச் சொல். இந்த எழுத்து உனக்கு முழுக்கப் படிக்க வருமா?" என்றார். தம்பி, அதன் ஒவ்வோர் அத்தியாயத்தையும் நான் கேட்டும் படித்தும் இருந்தேன். ஆனால் உனக்கு அப்போது பதின்மூன்று வயது, எனக்கு ஏதாவது ஆனால் உன்னைச் சேர்த்துக்கொள்ள ஒரு வீடு கிடையாது. "இது தமிழ் இல்லை ஸயா. எனக்குப் படிக்க வராது" என்றேன். அப்படியானால் இத்தனை வருடம் எப்படிக் கையெழுத்துப் போட்டாய் என்றார். முந்தைய அதிகாரி பார்த்துச் சொன்னதை எழுதினேன் என்று, ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருந்த நல்ல மனிதரின் தலையில் பழியைப் போட்டேன். தெரியாதபோது தெரியும் என்றேன், தெரிந்தபோது தெரியாது என்றேன். கட்டு எரிக்கிற சாக்குக்குள் போனது. என்னை முத்திரை குத்தும் பிரிவுக்கு மாற்றினார்கள். அந்த மாதமும் சம்பளம் வந்தது.

உன்மேல் பழி போடுவதற்காக இதை எழுதவில்லை. உன் பெயரைச் சொல்லி நான் பல காலம் என்னை மன்னித்துக்கொண்டேன், அதுவும் ஒரு பொய் என்று இப்போது தோன்றுகிறது. அன்று, "படிக்கத் தெரியும், இதில் ஒன்றும் இல்லை" என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உண்மையிலேயே எனக்குத் தெரியாது. ஒருவேளை ஒன்றுமே ஆகியிருக்காது.

சேச்சியிடம் போய், கட்டு தபாலில் தொலைந்துவிட்டதாம் என்று சொன்னேன். அவள் அப்போது நுண்ணோக்கியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்து முடித்தாள். துணியை நாலாக மடித்தாள். அவளுக்குப் பார்வை மங்கத் தொடங்கியிருந்த காலம் அது, பகல் முழுக்கக் கண்ணாடியில் பார்த்துவிட்டுச் சாயங்காலம் ஒரு வரி நேராக எழுத வராது. "நாளைக்கு ஆபீஸ் விட்டு நேரா வா. நான் சொல்றேன், நீ எழுது" என்றாள்.

மூன்று வருடம், தம்பி. தினமும் அலுவலகம் விட்டு பபேடானுக்கு நடந்து, ஏழரை பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்கு வருவேன். பக்கத்து வீட்டு மா கின்தான் உனக்குச் சோறு போட்டாள். நீ பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிய வாரத்தில், எந்த நாள் எந்தப் பாடம் என்று எனக்குத் தெரியாது. நீ ஒருநாள் கோபத்தில், "உங்களுக்கு நான் முக்கியமா, மலையாளம் முக்கியமா?" என்று பர்மியில் கத்தினாய். உன்னை அடித்தேன். அந்த அடிக்கு இன்று மன்னிப்புக் கேட்கிறேன்.

ஆனால் அந்த மூன்று வருடத்தில் நான் பார்த்ததை உனக்கு எப்படிச் சொல்வது? அவள் கண்ணை மூடிக்கொண்டு உட்காருவாள். எரிந்துபோன பக்கங்கள் ஒவ்வொன்றாக அவள் வாயிலிருந்து வரும். எங்காவது நின்றால் நான் எடுத்துக் கொடுப்பேன், இந்த இடத்தில்தானே அதிகாரி கொசுவுக்குப் போதை ஏறுமா என்று கேட்டார் என்று. அது போதும், மறுபடி ஓடும். ஒரே ஓர் எண் சரிதானா என்று சந்தேகம் வந்து ஒன்பது நாள் ஒரு வரியும் சொல்லவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரைப் பார்த்துக் கேட்டு வந்து, "என் ஞாபகம் தப்பு" என்று உற்சாகமாக அடிக்கச் சொன்னாள். தன் தப்பைக் கண்டுபிடித்ததில் இவ்வளவு சந்தோஷப்பட்ட ஒருவரை நான் பார்த்ததே இல்லை. எலும்புக்குள் ரத்தம் உண்டாவதைச் சொல்லிக்கொண்டே வந்தவள் ஓர் இடத்தில் நிறுத்தி, "இது ஏன் இப்படின்னு ஆர்க்கும் அறியில்ல. அப்படியே எழுது" என்றாள். புத்தகத்தில் யாருக்கும் தெரியாது என்று எழுதினால் வாசிக்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று கேட்டேன். "நமக்கும் வேலை மிச்சம் இருக்குன்னு நினைப்பாங்க" என்றாள். அப்படி அந்தப் புத்தகத்தில் பதினேழு இடம் இருக்கிறது. அதை எண்ணி வைத்துக்கொண்டு, தங்கப்பதக்கம் வாங்கியவள் மாதிரி எல்லாரிடமும் சொல்வாள். நீ உன் கையெழுத்துக்கு மேலே எழுதப் போகிற ஒவ்வொரு சீட்டிலும் எனக்கு இந்த ஒரு பயம்தான். தெரிந்ததைத் தெரியும் என்று எழுது, தெரியாததைத் தெரியாது என்று எழுது. இதைச் சொல்ல உன் அம்மாவுக்கு யோக்கியதை இல்லை, ஆனாலும் சொல்கிறேன்.

பதினொன்றில் பத்து அத்தியாயம் திரும்பி வந்தது. ரத்தம் ஏன் உறைகிறது என்ற ஒன்று மட்டும் வரவே இல்லை. ஆறு முறை தொடங்கினாள். "முதல்ல எழுதினது இதைவிட நல்லா இருந்தது. நல்லாயில்லாதது வேண்டாம்" என்று விட்டுவிட்டாள். நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். ஊருக்குப் போகிற ஒரு மலையாள நர்ஸ், சேலைகளுக்கு நடுவே வைத்து அந்தக் கட்டைக் கொண்டுபோனாள். அடுத்த வருடம் புத்தகம் வந்தது. முதல் பக்கத்தைச் சேச்சிக்கு வாசித்துக் காட்டும்போது என் பெயரைப் பார்த்தேன். 'இந்நூலை எழுதிய கை' என்று போட்டு, அதன் கீழே என் பெயர். நீ அலமாரியிலிருந்து எடுத்தது அந்தப் பிரதிதான். அதை எப்படி நான் கூடத்தில் வைப்பேன், சொல்?

நீ கேட்ட மறுநாள் பபேடானுக்குப் போனேன். மாடிப்படியில் இப்போது அவளால் தனியாக இறங்க முடியாது, பார்வை முழுக்கப் போய்விட்டது. இப்போதும் கட்டுரை சொல்கிறாள், தங்கை மகள் எழுதுகிறாள். அந்தப் பெண்ணைக் கடைக்கு அனுப்பிவிட்டு, சாக்கு, அதிகாரி, நான் சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் பதினைந்து வருடம் கழித்துக் கொட்டினேன்.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

எப்படித் தெரியும் என்றேன்.

"கப்பல்ல போற கட்டு தொலைஞ்சுதுன்னு தெரியவே மூணு மாசம் ஆகும். நீ ரெண்டாவது வாரமே வந்து சொன்ன. எனக்குக் கணக்கு வராதா?"

"தெரிஞ்சும் ஏன் சேச்சி ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டிருந்தா நீ வெக்கப்பட்டுக்கிட்டு இந்தப் பக்கமே வந்திருக்க மாட்ட. எனக்குக் கண்ணு போயிட்டிருந்தது. புஸ்தகம் வெளிய வரணும். எனக்கு ஒரு கை வேணும். அந்த அத்தியாயங்களை எல்லாம் கேட்ட காது இந்த ஊருல வேற யாருக்கு இருந்தது?"

"அப்புறம் எதுக்கு என் பேரைப் போட்டீங்க?"

"எழுதினது நீதானே? அது உண்மை. சாக்குல போட்டதும் நீதான், அதுவும் உண்மை. ஆனா அது ரத்தத்தைப் பத்தின புஸ்தகம், உன்னைப் பத்தினதில்ல."

"கோவமே வரலையா?"

அவள் என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள். "வராம? மனுஷி இல்லையா நான்? முதல் வருஷம் முழுக்க உன்னைப் பாக்கவே பிடிக்கல எனக்கு" என்றாள்.

பஸ்ஸில் வரும்போது அந்த முதல் வருடத்தைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். அப்போது எனக்கு மலையாள 'ழ' சரியாக எழுத வராது, அந்தச் சுழியில் பேனா நின்றுவிடும். என்னைப் பார்க்கவே பிடிக்காத அந்த வருடத்தில்தான், தம்பி, ஒவ்வொரு முறை என் பேனா நின்றபோதும், அவள் என் கையின் மேல் தன் கையை வைத்து அந்த எழுத்தை முடித்துக் கொடுத்தாள்.

அம்மா